காந்தத்தின் மூச்சுக் குழாய்

அன்புள்ள மகனுக்கு,

கடந்த வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இந்த வீட்டின் நிர்வாக சபை கூடியது. நானும் உன் உம்மாவும் சமுகமளித்திருந்தோம். பூனை பாதியில் எழுந்து போனது. ஒரு மணி நேர விவாதத்துக்குப் பின், இரு தரப்பும் தத்தம் நிலைப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தி, இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் இதுவரை எடுக்கப்படாத ஒரு முடிவை ஏகமனதாக எடுத்தோம்: உன் பயணப் பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டுவதில்லை. அதில் இருக்கிற பூட்டே போதும். முப்பது வருடத்துக்கு மேலாக டேப் ஒட்டாத ஒரு பெட்டியையும் வாசலைத் தாண்ட விடாத மனிதன் இதற்கு இணங்கியிருக்கிறான் என்பதால், விடயத்தின் பாரதூரம் கருதி எழுத்தில் அறிவிக்கிறேன்.

அடுத்தது, நீ போனில் கேட்டது. உன் கடவுச்சீட்டை ஏழு வருடம் பிடித்து வைத்திருந்த வழக்கு ஏன் திடீரென்று விழுந்தது என்று கேட்டாய். லோயரைக் கேட்டதற்கு அல்லாஹ்வின் நாட்டம் என்றாராம். நாட்டத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது தானாகப் பொலிசுக்கு நடந்து போவதில்லை. யாராவது ஒரு ஆட்டோ பிடிக்க வேண்டும். பிடித்தவன் நான். ஏன் பிடித்தேன், ஏன் ஏழு வருடம் பிடிக்கவில்லை என்பதை இதில் எழுதுகிறேன். தபாலில் போடாமல் பத்திரிகைக்குக் கொடுத்ததற்குக் கோபிக்காதே. நம்முடைய ஆலங்குடாவில் நூறு பேர் பார்க்க நடுறோட்டில் வைத்து உன்னை அடித்தேன். அதற்கான மன்னிப்பை ஒட்டிய உறைக்குள் வைத்து அனுப்புவது நியாயமாகப் படவில்லை.

தொண்ணூறாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். வடக்கிலிருந்து வந்த எங்களுக்கு எல்லாமே அங்கேதான் தொடங்குகிறது, பல்வலி உட்பட. இயக்கம் முஸ்லிம்களையெல்லாம் மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது எனக்கு இருபது வயது. கரையில் துவக்கோடு நின்றவனுக்கு என்னைவிடக் குறைவு. எங்கள் ட்ரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னான். சாவியைத் தேடி எடுப்பதற்குள் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. துவக்கின் பிடியால் பூட்டை அடித்து உடைத்தான். உள்ளே அவனுக்குப் பிடித்தமாக ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் குறைக்கு என் காக்காவின், உன் பெரியவாப்பாவின், வாயில் அதே பிடியால் ஒன்று போட்டான். மணலில் விழுந்த இரண்டு பல்லையும் காக்கா குனிந்து எடுக்கப் போனார். அதற்கும் ஒன்று விழுந்தது. வள்ளத்தில் அந்த மூடி நிற்கவில்லை. கடல் உள்ளே வந்து காணி உறுதிப் பத்திரத்தையும் வாப்பாவின் ஒரேயொரு படத்தையும் எடுத்துக்கொண்டு போனது. கல்பிட்டியில் இறங்கும்போது எங்களிடம் ஒரு பெட்டி இருந்தது. பெட்டிக்குள் தண்ணீர் இருந்தது. மூடி திறந்தால் எல்லாம் போய்விடும் என்ற ஒரே பாடத்தோடு நான் கரையேறினேன். அதற்குப் பிறகு வேறு பாடம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த ஒரு பாடம் சோறு போட்டது. மீனுக்கு ஐஸ் அடிக்கிற தொழிலில் என் அளவுக்கு மூடத் தெரிந்தவன் இந்தக் கரையில் இல்லை என்று என் எதிரிகளும் சொல்வார்கள். ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியின் மூடி விளிம்பில் சைக்கிள் டியூப் றப்பரை வெட்டி வைத்து, மேலே டேப் மூன்று சுற்று, அதன் மேல் ஈரச் சாக்கு, அதன் மேல் கயிறு. என் பெட்டி பேலியகொடை மீன் சந்தையில் திறக்கும்போது ஐஸ் கட்டியின் மூலை கூர்மையாக இருக்கும். ஒன்பது வயதில் நீ ஒருநாள் லொறியில் ஏறி, ஒரு பெட்டியின் டேப்பைக் கிழித்து உள்ளே எட்டிப் பார்த்தாய். ஐஸ் கரைகிறதா என்று பார்க்கிறேன் என்றாய். திறந்து பார்த்தால் கரையும்டா என்று பிரம்பை எடுத்தேன். நீ அழுகைக்கு நடுவில் கேட்டாய்: "பாக்காம எப்பிடி வாப்பா தெரியும்?" பதில் இல்லாத இடங்களுக்கென்றே பிரம்பு வைத்திருந்தேன். இந்த ஊரில் அதைப் பிள்ளை வளர்ப்பு என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பிறகு நீ பொறியியல் படிக்கப் போய், காந்தத்தோடு திரும்பி வந்தாய். நம் கரையில் நிற்கிற அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியைக் காட்டி, அந்தச் சூட்டில் பாதிக்கு மேல் சும்மா போகிறது என்றாய். அதுவரை அந்தப் புகைபோக்கி எனக்கு எந்தப் பக்கம் காற்று என்று பார்க்க உதவியது. உன் திட்டப்படி எரிகிற வாயுவை இரண்டாயிரம் பாகைக்கு மேலே கொண்டுபோய், கொஞ்சம் பொட்டாசியம் தூவி, அது மின்சாரம் கடத்துகிற பதத்துக்கு வந்ததும் ஒரு குழாய்க்குள் வேகமாக விட வேண்டும். குழாய்க்கு வெளியே பலத்த காந்தம். காந்தம் அந்தக் காற்றில் ஓடுகிற மின்னேற்றங்களைப் பிடித்துப் பக்கச் சுவரில் மோத அடிக்கும். சுவரிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொள்ளலாம். சுழலி இல்லை, சுற்றுகிற சாமான் ஒன்றும் இல்லை. காந்தத்தின் பலம் இரண்டு மடங்கானால் மின்சாரம் நான்கு மடங்கு. செப்புக் கம்பியில் அத்தனை பலமான காந்தம் கட்டினால், கிடைக்கிற மின்சாரத்தைக் காந்தமே தின்று தீர்த்துவிடும். ஆகவே தடை இல்லாமல் மின்சாரம் ஓடுகிற மீக்கடத்தி வேண்டும். அதற்கோ நினைக்கவே நடுங்குகிற குளிர் வேண்டும். நரகத்தில் நெருப்பு மட்டுமல்ல, கடுங்குளிரும் ஒரு தண்டனை என்று பள்ளிவாசல் மௌலவி பயான் செய்யக் கேட்டிருக்கிறேன். இரண்டையும் ஒரு முழ இடைவெளியில் வைத்து வீட்டுக்கு லைட் எரிக்கலாம் என்று என் மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று பின்வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து நீ சொன்னதை இப்போதும் மறக்கவில்லை. "காந்தம் என்டா சும்மா கிடக்கிற சாமான்டு நெனக்கிறீங்க வாப்பா. கரண்ட் ஏற ஏற அது தன்னத்தானே வெளிய தள்ளிக் கிழிச்சிக்கொள்ளப் பாக்கும். அத இறுக்கிக் கட்டி வெக்கிறதுதான் எண்ட வேல." அப்படியென்றால் நம்முடைய குடும்பத் தொழில்தான் என்றேன். நீ சிரித்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம், நீ நிறுத்தவில்லை. இறுக்கிக் கட்டினது ஒரு மயிரளவு அசைந்தாலும் அந்த இடம் சூடாகும், சூடான இடத்தில் தடை திரும்பி வரும், தடை இன்னும் சூட்டைக் கொண்டுவரும், கண் மூடித் திறப்பதற்குள் காந்தம் தனக்குள் வைத்திருந்ததையெல்லாம் வெப்பமாகக் கக்கிவிடும் என்றாய். சுற்றியுள்ள குளிர்த் திரவம் பல நூறு மடங்கு வாயுவாகப் பொங்கும். அதற்கு வெளியேற வழி வைத்திருந்தால் சத்தத்தோடு போகும், வைக்காவிட்டால் பாத்திரமே தனக்கொரு வழி செய்துகொள்ளும் என்றாய். காந்தம் செய்கிறவனின் முதல் வேலை கட்டுவது, இரண்டாவது வேலை வழிவிடுவது என்றாய். நான் தலையாட்டினேன். முதல் பாதி எனக்கு நன்றாக விளங்கியிருந்தது.

நீ கட்டியது சின்னக் காந்தம். பல்கலைக்கழகத்தில் மிஞ்சிய மீக்கடத்தி நாடாவை வட்டமாகச் சுற்றி, துருப்பிடிக்காத பால் கேன் ஒன்றுக்குள் வைத்தாய். இறுக்கி மாட்டுகிற வளையம் போட்ட மூடி. மூடியில் ஒரு குழாய், பெருவிரல் தடிப்பு. கேனுக்குக் கீழே, காந்தத்தின் நடுவுக்கு நேராக, ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் போக வேண்டும், அதில் உப்புப் பாத்தியின் கடும் உப்புத் தண்ணீர் ஓட வேண்டும், மீற்றரின் முள் ஒரு துளி அசைய வேண்டும். அந்த ஒரு துளியைப் படம் பிடித்து அனுப்பினால் வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடம் உன்னை எடுக்கும். குளிருக்குத் திரவ நைதரசன். அதை இந்தக் கரையில் யார் வைத்திருக்கிறார்கள் என்று யாரைக் கேட்டாலும் சிரித்திருப்பார்கள். மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற பண்டார மாத்தயா வைத்திருந்தார். காளையின் வித்தை உறைய வைத்துக் கொண்டு திரிகிற அவருடைய பெரிய பிளாஸ்க்கிலிருந்து உனக்கு ஊற்றினார். அந்தப் பிளாஸ்க்கின் மூடி வெறுமனே மேலே கிடந்தது; தட்டினால் விழும். இதென்ன மாத்தயா, மூடி லூசாக இருக்கிறதே என்று கேட்டேன். "இறுக்க வேணாம் முதலாளி. அது மூச்சு விடோணும்," என்றார். அரசாங்கச் சாமான், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கேன் குளிர்வதற்கு நேரம் எடுக்கும் என்று சொல்லிவிட்டு நீ உப்புத் தண்ணீர் எடுத்துவர மோட்டார் சைக்கிளில் போனாய். நான் வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையில் தனியாக இருந்தேன். மூடியில் இருந்த குழாயால் வெள்ளைப் புகை பொங்கிக்கொண்டிருந்தது. கையை வைத்தேன், கடித்தது. என் மகனுடைய குளிர் முழுவதும் என் கண் முன்னால் வெளியே போகிறது. படித்த பிள்ளை, ஆனால் ஒரு பெட்டி மூடத் தெரியவில்லை. நான் உள்ளே போய் உன் உம்மாவின் கத்திரிக்கோலை எடுத்து, பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டினேன். பூவரசங் கட்டையில் ஒரு முனை சீவி, றப்பரைச் சுற்றி, குழாய்க்குள் வைத்துச் சுத்தியலால் ஆறு அடி அடித்தேன். புகை நின்றது. மூடி வளையத்தையும் இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். வாழ்நாளில் நான் போட்ட மூடிகளில் மிகத் திறமான மூடி அதுதான். பிறகு தேநீர் குடிக்கப் போனேன்.

நீ உப்புத் தண்ணீர்க் கேனோடு பட்டறை வாசலில் கால் வைத்தபோது அது போனது. மூடி கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே போய், பக்கத்து வளவில் கட்டியிருந்த ஆட்டின் முதுகில் இறங்கியது. ஆடு கத்தவும் இல்லை. கேன் பூப்போல விரிந்து கிடந்தது. உன் இடது காதிலிருந்து இரத்தம் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. கடற்கரையில் பட்டம் பிடித்து அலையில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் ஊர்த் திருவிழா என்று நினைத்து ஓடிவந்து படம் எடுத்தார்கள். சண்டை முடிந்து பத்து வருடம் ஆகியிருந்தாலும், அது தேவாலயங்களில் குண்டு வெடித்த வருடம், நாட்டில் எந்த மூலையில் டயர் வெடித்தாலும் எங்கள் முஸ்லிம் தெருவில் வந்து தலை எண்ணுகிற வருடம். இங்கே வெடித்தது டயரும் அல்ல. பத்து நிமிடத்துக்குள் சந்தியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பொல்லு, மண்வெட்டிப் பிடி, இரண்டு போத்தல் பெற்றோல். முன்னால் வந்தவன் என் வாடிக்கைக்காரன். முந்தின நாள் வரை என்னை முதலாளி என்றவன். "உள்ளுக்கு இன்னும் எத்தன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான். ஐஸ் வாங்க வந்தாலும் அதே குரலில்தான் கேட்பான்.

அப்போதுதான் நான் லொறியிலிருந்து கயிற்றை எடுத்தேன். உன்னைச் சட்டையில் பிடித்து இழுத்து நடுறோட்டில் போட்டு அடித்தேன். முதல் மூன்று அடியும் சனத்துக்காக. இது வாப்பாவுக்கும் மகனுக்கும் இடையிலான விவகாரம், விளையாட்டுச் சாமான் வெடித்துவிட்டது என்று அவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. சனம் நின்று பார்த்தது. அடி விழுகிற வீட்டுக்குத் தீ வைக்க யாரும் அவசரப்படுவதில்லை. அதை ஒரு பொது விதியாக நீ குறித்துக்கொள்ளலாம். நான்காவது அடிக்குக் கயிற்றை ஓங்கினபோது நீ முழங்காலில் இருந்தபடி சொன்னாய்: "அடிங்க வாப்பா. எண்ட பிழைதான். பைப்புல ஐஸ் புடிச்சி அடபட்டிருக்கும்."

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது கோபம் அல்ல மகன், ஆறுதல். நீ அந்தப் பிழையைக் கையில் எடுத்துக்கொண்டாய். என் கை காலியாகிவிட்டது. மிச்சம் அடித்ததெல்லாம் அந்த ஆறுதலில் அடித்ததுதான். எத்தனை என்று நான் எண்ணவில்லை. உன் உம்மா எண்ணியிருக்கிறாள்: பதினேழு. அதற்குள் சனத்துக்கும் பார்க்கச் சலித்துவிட்டது; வீட்டை விட்டுவிட்டு லொறியை எரித்தார்கள். யூனிபோம் போட்டவர்கள் வந்து சனத்தைக் கலைத்தார்கள், உன்னை ஏற்றினார்கள். எல்லோரும் போன பிறகு பட்டறையைத் தேடினேன். மூடி பறந்தபோது கழன்று விழுந்த றப்பர் சுற்றிய கட்டை மூலையில் கிடந்தது, ஒரு சேதமும் இல்லாமல். அதைக் களப்புத் தண்ணீரில் கொண்டுபோய் எறிந்தேன்.

ஒன்பது மாதம் உள்ளே இருந்தாய். காந்தம் எதற்கு என்று கேட்டார்களாம். மின்சாரம் எடுக்க என்றாயாம். மின்சாரந்தான் வருகிறதே என்றார்களாம். அதற்குப் பிறகு உன் கால் பாதத்தில் அடித்தார்கள் என்பதை நீ சொல்லவில்லை. வெளியே வந்த முதல் கிழமை நீ செருப்பை எப்படிப் போட்டாய் என்பதை நான் பார்த்தேன். நான் போய் அந்தக் கட்டையைப் பற்றிச் சொல்லியிருந்தால், நீ எதை மூடக் கூடாதென்று தெரியாதவனின் மகன், குண்டு செய்கிறவன் அல்ல என்று அன்றே முடிந்திருக்கும். முதல் மாதம், சொன்னால் இருவரையும் பிடிப்பார்கள், உன் உம்மா தனித்துவிடுவாள் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் மாதம் அந்தக் காரணத்தைத் திரும்பச் சொன்னேன். மூன்றாம் மாதத்திலிருந்து காரணம் தேவைப்படவில்லை. பொய்க்கும் ஒரு மூடிதான் மகன். நன்றாகப் போட்டால் உள்ளே இருப்பது கரையாது.

நீ பிணையில் வந்து, கல்முனையிலும் சிலாபத்திலும் குளிர் அறை பழுது பார்த்து, ஒழிந்த நேரத்தில் கம்பியூட்டரில் காந்தம் வரைந்தாய். எல்லாவற்றிலும் வாயு போக மூன்று குழாய். போன வருடம் அந்த ஆய்வுகூடத்துக்கு நீ எழுதிய விண்ணப்பத்தை உன் மச்சானை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "என் முதல் காந்தத்தின் வாயுக் குழாயை நான் பிழையாக வடிவமைத்தேன், உறைபனி அடைத்து அது வெடித்தது, அன்றிலிருந்து நான் வரைகிற எதிலும் முதலில் வரைவது குழாயைத்தான்" என்று எழுதியிருந்தாய். அந்த ஊர்ப் பேராசிரியர் அந்தப் பந்தியைப் பாராட்டியே உன்னை எடுத்தார். விசாவும் வரும் என்றார்கள். வழக்கு மட்டும் குறுக்கே நின்றது.

அந்த ஆய்வுகூடத்தின் கடிதம் வந்த அன்று உன் உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "டியூப் வெட்டினது எண்ட கத்திரிக்கோலால," என்றாள். "ஏழு வருஷமா அத நான் துணிக்கு எடுக்கல்ல." அவள் மீனின் தலையை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க போறீங்களா, நான் போகவா?"

நான் போனேன். வாக்குமூலம் எழுதிய சார்ஜனுக்குத் தமிழ் ஓரளவு தெரியும். எனக்குச் சிங்களம் ஓரளவு தெரியும். இரண்டுக்கும் நடுவில் நைதரசன் கொஞ்சம் கஷ்டப்பட்டது. கட்டை என்ன மரம் என்று கேட்டார். பூவரசு என்றேன். எத்தனை அடி அடித்தேன் என்று கேட்டார், ஆறு என்றேன். பண்டார மாத்தயாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஓய்வு பெற்றுவிட்ட மனிதர், இருந்தாலும் வந்து, மூடியை இறுக்க வேண்டாம் என்று தான் என்னிடம் சொன்னதைச் சொன்னார். சார்ஜன் பேனாவை வைத்தார். "ஏழு வருசம் வாயப் பொத்திக்கொண்டு இருந்து போட்டு, இப்ப என்னத்துக்கு வந்தீங்க?" என்றார். மகனுக்கு விசா வரப் போகிறது என்றேன். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

ஆகவே நீ போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது: உன் முதல் காந்தத்தில் பிழை இல்லை. குழாயின் அளவு சரி, இடம் சரி, ஐஸ் பிடிக்கவும் இல்லை. பேராசிரியருக்கு அதைச் சொல்வதா என்பதை நீ தீர்மானித்துக்கொள். அந்தப் பந்திக்காக எடுத்தவர் அந்தப் பந்தி பொய்யானால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் வைத்திருப்பது எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதே. அந்த வித்தையை உனக்குக் கற்றுத்தர மாட்டேன். அங்கே பிள்ளை பெற்றால், அவன் எதையாவது திறந்து பார்த்தால், பார்க்க விடு. கரைந்தால் கரையட்டும். கை ஓங்குகிற நேரத்தில் உனக்குள் இருப்பது கோபமா ஆறுதலா என்று ஒருமுறை கேள். கோபமென்றால் ஒருவேளை பிள்ளை பிழை செய்திருக்கலாம், ஆறுதலென்றால் பிழை உன்னுடையது. உன் இடது காது கேட்காத பக்கம் யாரையாவது நிற்க வைத்துக் கதைக்கும்போது, அது எப்படிக் கேட்காமல் போனது என்று கேட்பார்கள். என் வாப்பா ஒரு மூடி போட்டார் என்று சொல்லு. அது உண்மை, இனி நீ அதைச் சொல்லலாம்.

தகவலை மறைத்ததற்கும், ஆபத்து விளைவித்ததற்கும், ஆட்டுக்கும் சேர்த்து என் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். சரீரப் பிணையில் விட்டார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் நிலையத்தில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். உன் விமானம் ஞாயிறு பத்தரைக்கு. உம்மாவும் மச்சானும் வருவார்கள்.